ஜேன் ஜேக்கப்ஸ் பற்றிய சிறுவர் நூல்கள்

நகரத் திட்டமிடலைத் தெருவாசிகளின் பக்கம் நின்று கேள்வி கேட்ட எழுத்தாளரும் போராளியுமான ஜேன் ஜேக்கப்ஸின் (1916–2006) கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆங்கில நூல்கள் சில உண்டு. கிளென்னா லாங்கும் மார்ஜரி வுன்ஷும் எழுதிய ‘ஜீனியஸ் ஆஃப் காமன் சென்ஸ்’ (2009) சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானது. சூசன் ஹியூஸின் ‘வாக்கிங் இன் த சிட்டி வித் ஜேன்’ (2018) படக்கதை.

ஜேனின் கருத்துகள் சிறுவர் நூலுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், ஹட்சன் தெருவில் குடியிருந்தபடி தாம் கண்டவற்றை வைத்தே 1961இல் நகரங்களைப் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை எழுதினார். கடைக்காரரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவைக்கும் வழக்கம் அதில் வருகிறது. அவருடைய மகன் ஒருவன் வண்டிகள் ஓடும் சாலையில் இறங்கி ஓடியபோது, பூட்டுக்கடைக்காரர் அவனை அதட்டியதோடு, பின்னர் அவ்வழியே போன தந்தையிடமும் சொல்லிவிடுகிறார். ஊரார் பிள்ளைக்கும் நாம் பொறுப்பு என்பதைப் பிள்ளைகள் கற்கும் இடம் நடைபாதைதான் என்பது அவரது வாதம். பூங்கா அமைத்துப் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டால் போதும் என்று எண்ணிய திட்டக்காரர்களுக்கு இது உறைக்கவில்லை.

போராட்டங்களிலும் பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தது. கிரீனிச் வில்லேஜிலுள்ள வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே சாலை போட, நகரின் செல்வாக்குமிக்க திட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் முனைந்தார்; எதிர்ப்பு வலுத்து, 1958இல் பூங்கா வண்டிகளுக்கு மூடப்பட்டது. அந்த விழாவில் ரிப்பன் வெட்டவில்லை, கட்டினார்கள். அதைப் பிடித்து நின்ற சிறுமிகளில் ஒருத்தி ஜேனின் மகள்.

ஒரு பெண் தனியாளாக மோசஸை வென்றாள் என்று கதையைச் சுருக்கிவிடுவது எளிது. அது வரலாற்றுக்கு நியாயமாகாது. பூங்காவுக்கான போராட்டத்தை 1952இல் தொடங்கியவர் ஷெர்லி ஹேஸ் என்ற தாய். ஜேன் பின்னர் சேர்ந்துகொண்டவர். மனுவில் கையெழுத்து வாங்கியவர்களும் கூட்டங்களை நிரப்பியவர்களும் அக்கம்பக்கத்தார். அவர்களையும் பெயரோடும் முகத்தோடும் காட்டும் நூலே பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்படும்.

பூங்காவோடு ஜேனின் போராட்டம் முடியவில்லை. மோசஸின் மற்றொரு திட்டமான லோயர் மன்ஹாட்டன் விரைவுச்சாலை பற்றிய கூட்டமொன்றில் 1968இல் ஜேன் கைதானார். அதே ஆண்டு குடும்பத்தோடு டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஸ்பாடைனா விரைவுச்சாலையை எதிர்த்தார். 1971இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. சிறுவர்களுக்காக அவரே எழுதிய ‘த கேர்ள் ஆன் த ஹேட்’ 1989இல் வெளிவந்தது.