வேகம் எதுவரைக்கும்?

எட்டயபுரம் ரோட்டுல எங்க அத்தை மகன் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கார். கோவில்பட்டி சுத்துவட்டாரப் பசங்க காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுறது அங்கதான். போன வருஷம் ஒரு சாயங்காலம் போன் வந்துச்சு. "மாப்ள, 100 எம்பிபிஎஸ் லைன். டெஸ்ட் போட்டா 94 காட்டுது. ஆனா ஒரு பிள்ளையோட மார்க் ஷீட் ஏற மாட்டேங்குது. இன்னிக்குக் கடைசி நாள்."

(எம்பிபிஎஸ்னா டாக்டர் படிப்பு இல்லீங்க, நொடிக்கு இத்தனை மெகாபிட்.)

அந்த 94 பொய் இல்லை. ஆனா எங்கேருந்து எதுவரைக்கும் அளந்த 94? இதுக்குக் கொஞ்சம் பழைய கதை பேசணும்.

1983 டிசம்பர்ல அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்துல இருந்த மைக் மூஸ் 'பிங்' எழுதினார். அது ஒரு பொட்டலம் போய்த் திரும்புற நேரத்தை மட்டும் சொல்லும். அடுத்த வருஷம் அவரும் டெர்ரி ஸ்லாட்டரியும் 'டிடிசிபி' எழுதினாங்க. ஒரு மெஷின்லேருந்து இன்னொண்ணுக்கு டேட்டாவை அள்ளிக் கொட்டி, ஆன நேரத்தால வகுக்கிறது. இன்னிக்கு வர்ற ஸ்பீடு டெஸ்ட் எல்லாத்துக்கும் அடிப்படைக் கணக்கு இதேதான்.

1986 அக்டோபர்ல பெர்க்லியில 400 கெஜ தூரத்துல இருந்த ரெண்டு இடங்களுக்கு நடுவுல 32 கேபிபிஎஸ் ஓடின லைன், நெரிசல்ல நொடிக்கு வெறும் 40 பிட்டுக்கு விழுந்துச்சு. அதை ஆராய்ஞ்ச வான் ஜேக்கப்சன் 1988ல கட்டுரை வெளியிட்டார். மெதுவா ஆரம்பி, வழி இருந்தா கூட்டிக்கிட்டே போங்கிறதுதான் அவர் சொன்ன வைத்தியம். அதனால எந்த இணைப்பும் முதல் சில கணம் தவழத்தான் செய்யும். பல டெஸ்ட்டுகள் அந்தத் தவழலைக் கணக்குல சேக்கிறதில்லை. ஆனா ஒரு மார்க் ஷீட் ஏறி முடியுறதே அந்தத் தவழல் நேரத்துலதானே!

நம்ம கதைக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15ல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்துச்சு. 2004 பிராட்பேண்ட் கொள்கை, குறைஞ்சது 256 கேபிபிஎஸ் இருந்தாத்தான் பிராட்பேண்ட்னு சொல்லுச்சு. 2013ல 512, 2023ல 2 எம்பிபிஎஸ். நம்பர் ஏறிச்சு, ஆனா அந்த வரையறையில ஒரு வால் உண்டு: சேவை தர்ற கம்பெனியோட இணைப்பு மையத்துலேருந்து வாடிக்கையாளர் வரைக்கும்தான் அந்த வேகம். அதுக்கு அப்பால நடக்கிறது கணக்குல வராது. 2006ல வந்த ஸ்பீடுடெஸ்ட் தளமும் பக்கத்துல இருக்கிற சர்வரைத்தான் தேடிப் பிடிக்கும். அது பல நேரம் கம்பெனியோட சொந்த நெட்வொர்க்குலயே இருக்கும். வாசல்லேருந்து தெருமுனை வரைக்கும் ஓடிப் பாத்துட்டு, மதுரைக்கு இத்தனை நிமிஷம்னு சொல்ற மாதிரி.

அதனால நானே ஒரு டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதினேன். எலக்ட்ரான்ல செஞ்ச முதல் வெர்ஷன் 100 எம்பிக்கு மேல! அந்த லைன்ல சாயங்காலம் அதை இறக்கவே முடியல. கோ மொழியில திருப்பி எழுதி, சில எம்பிக்குச் சுருக்கி, பென்டிரைவ்ல போட்டு பஸ் ஏறினேன். ஆன்டிவைரஸ் அதையும் வைரஸ்னு தின்னுச்சு. விலக்குப் பட்டியல்ல சேத்தப்புறம்தான் ஓடுச்சு.

அரை மணிக்கு ஒருக்கா மும்பையில நான் வாடகைக்கு எடுத்த சர்வருக்கு ஒரு சின்ன ஃபைலை ஏத்தி, முதல் நொடியிலேருந்து அளக்கும். ஒரு மாசம் ஓடவிட்டோம். காலையில அரை நொடி. சாயங்காலம் 6லேருந்து 10 வரைக்கும் இருபது நொடிக்கு மேல, பாதி நேரம் அறுந்தும் போச்சு. அதே நேரத்துல சாதா டெஸ்ட் போட்டா 90க்குக் குறையல.

கரிசக்காட்டை ஐப்பசியில மட்டும் பாத்தவன் சித்திரையில விழுற வெடிப்பைச் சொல்ல முடியுமா? எங்க, எப்ப அளந்தோங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

வரைபடத்தை வெச்சு மச்சான் புகார் கொடுத்தார். வந்த பதில்: "ஸ்பீடு டெஸ்ட்ல நல்லாத்தானே வருது?"

அந்தப் பிள்ளையோட மார்க் ஷீட் அன்னிக்கு ராத்திரி 11 மணிக்கு மேல ஏறிடுச்சு. இப்ப கடை வாசல்ல ஒரு போர்டு தொங்குது: 'கடைசி நாள் அப்ளிகேஷனா? காலையிலேயே வாங்க.'