முன்னமைவு ஒலிக்கலவையும் வீட்டு இசைத் தயாரிப்பும்

ஒரு ஒலிக்கருவியின் அல்லது மென்பொருளின் அளவுகள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்து, அதற்கு ஒரு பெயரிட்டு, தேவைப்படும்போது ஒரே சொடுக்கில் மீட்டெடுக்கும் வசதியே முன்னமைவு ஆகும். வீட்டில் கணினியில் பாட்டுப் பதிவு செய்பவர் 'பெண் குரல்', 'பெரிய அரங்கு' என்பன போன்ற பெயர்களைப் பட்டியலில் பார்க்கலாம். அப்பெயர் ஒவ்வொன்றுக்கும் பின்னால், யாரோ ஒரு ஒலிப்பொறியாளர் வேறோர் அறையில் வேறொரு குரலைக் கேட்டு எடுத்த முடிவுகள் உள்ளன. செய்த வேலையை மறக்காமல் இருப்பதற்காகத் தோன்றிய இவ்வசதி, காலப்போக்கில் பிறர் செய்த வேலையைக் கடன் வாங்கும் வசதியாக மாறியது.

தொடக்கம்

குரல், மேளம், கிதார் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் பதிந்து, அவற்றின் அளவையும் தன்மையையும் சரிசெய்து ஒன்றாக்குவது ஒலிக்கலவை. பெரிய ஒலிப்பதிவுக்கூடங்களின் கலவை மேசையில் நூற்றுக்கணக்கான திருகுகள் இருக்கும். அடுத்த பாடகர் வந்துவிட்டால் அத்தனையும் கலைந்துவிடும். அதனால் உதவியாளர்கள் ஒவ்வொரு திருகின் நிலையையும் தாளில் வரைந்து வைத்தார்கள். இங்கிலாந்தின் சாலிட் ஸ்டேட் லாஜிக் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் 'டோட்டல் ரீகால்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. பழைய நிலைகளைக் கணினி திரையில் காட்டும். திருகுகளை அந்த இடத்துக்குத் திருப்புவது மட்டும் மனிதர் கையில்தான் இருந்தது.

இசைக்கருவிகளில் இம்மாற்றம் சற்று முன்பே நடந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித் உருவாக்கி 1978இல் வெளியான புராபெட்-5 சின்தசைசர், 40 ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டது. யமஹாவின் டிஎக்ஸ்7 (1983) 32 ஒலிகளுடன் வந்தது. அதில் புதிய ஒலி உருவாக்குவது கடினமாக இருந்ததால், வாங்கியவர்களில் பலர் நிறுவனம் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். 1980களின் மேலைநாட்டு மென்பாடல்கள் பலவற்றில் ஒரே மின்பியானோ ஒலி கேட்பதற்கு இதுவே காரணம்.

வீட்டுக்கு வந்த கலவை

டாஸ்கம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ 1979இல் வெளிவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் இக்கருவியைக் கொண்டு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியிலுள்ள தம் வீட்டுப் படுக்கையறையில் பாடிப் பதிந்தார். பின்னர் அப்பாடல்களை இசைக்குழுவோடு கூடத்தில் மறுபடி பதிந்து பார்த்தும் நிறைவளிக்காததால், வீட்டுக் கேசட்டே 'நெப்ராஸ்கா' தொகுப்பாக வெளிவந்தது. தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன். 'ரோஜா' (1992) படத்தின் இசை அங்கேதான் உருவானது. ஆனால் இவ்விரு வீடுகளிலும் கலவை என்பது கருவிகளை வைத்துச் செய்யும் வேலையாகவே இருந்தது.

1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கியூபேஸ் விஎஸ்டி மென்பொருளை வெளியிட்ட பிறகு, பெரும் இயந்திரங்களின் வேலை கணினிக்குள் வந்தது. ஆப்பிள் 2004இல் வெளியிட்ட கராஜ்பேண்ட், புதிய மேக் கணினிகளுடன் இலவசமாகவே கிடைத்தது. கம்ப்ரசர் என்றால் என்னவென்று அறியாத மாணவரும் தம் குரலுக்கு ஒரு முன்னமைவைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை உருவானது.

முன்னமைவுக்குத் தெரியாதது

கம்ப்ரசர் என்பது, குறிப்பிட்ட எல்லைக்கு மேல் எழும் ஒலியை அடக்கும் கருவி. ஒரு முன்னமைவில் எல்லை −20 டெசிபெல் என்றும், விகிதம் 4:1 என்றும் இருப்பதாகக் கொள்வோம். குரலின் உச்சம் −10 டெசிபெல் என்றால், எல்லையைத் தாண்டிய 10 டெசிபெல் 2.5 ஆகச் சுருங்கும்; அதாவது குரல் 7.5 டெசிபெல் அடங்கும். இது பெரும்பாலும் இதமாகவே இருக்கும். மைக்குக்கு மிக அருகில் நின்று பாடியவரின் உச்சம் −4 என்றால் 12 டெசிபெல் அடங்கி, குரல் நசுங்கிக் கேட்கும். தள்ளி நின்று மெதுவாகப் பாடியவரின் உச்சம் −24 என்றால் கம்ப்ரசர் எதுவும் செய்யாது. மூவரும் தேர்ந்தெடுத்த பெயர் ஒன்றுதான்!

சமனாக்கியின் கதையும் இதுவே. சிறிய அறைகளில் சுவர்களுக்கிடையே முழங்கும் தாழ்ந்த அதிர்வெண்கள் அறையின் நீள அகலத்தைப் பொறுத்தவை. ஒரு வீட்டில் குறைக்க வேண்டிய இடம் இன்னொரு வீட்டில் குறைக்கக் கூடாத இடமாக இருக்கும். முன்னமைவைப் போட்டும் பாட்டு சரியாகவில்லை என்று தம் குரலையே நொந்துகொள்ளும் புதியவர்கள், பல நேரங்களில் பதிவின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மென்பொருள் நிறுவனங்களும் இக்குறையை உணர்ந்தன. வேவ்ஸ் நிறுவனம், புகழ்பெற்ற கலவைப் பொறியாளர் கிறிஸ் லார்ட்-அல்ஜியின் பெயரில் வெளியிட்ட குரல் மென்பொருளில் முழுக் கலவையும் ஆறு நகர்த்திகளாகச் சுருக்கப்பட்டது. அளவை மாற்றும் பொறுப்பு மீண்டும் பயனரிடம் வந்தது. ஐசோடோப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட நியூட்ரான் வேறு வழியில் சென்றது. பதிவைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, அதற்கேற்ற அளவுகளை அதுவே முன்வைத்தது. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையை விட இது உண்மையான முன்னேற்றம் எனலாம். எனினும், ஒரு பாடகி வேண்டுமென்றே கரகரப்பாகப் பாடுகிறாரா, அது பதிவின் குறையா என்பதைப் பாட்டை அறிந்தவரே சொல்ல முடியும்.

ஒரேமாதிரித் தன்மை

முன்னமைவுகளால் எல்லாப் பாடல்களும் ஒன்றுபோல ஆகின்றன என்ற குற்றச்சாட்டு டிஎக்ஸ்7 காலத்திலிருந்தே உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் ரிஹானாவின் 'அம்பிரெல்லா' (2007) பாடலின் மேளம், கராஜ்பேண்டில் எல்லோருக்கும் கிடைத்த ஆயத்தத் துண்டு ஒன்றிலிருந்து அமைந்தது. அதே துண்டு எத்தனையோ கணினிகளில் இருந்தும் அந்தப் பாட்டு ஒன்றுதான் வந்தது.

பில்லி ஐலிஷின் 2019ஆம் ஆண்டு முதல் முழுத் தொகுப்பு, லாஸ் ஏஞ்சலிசில் அவருடைய அண்ணன் பினியாசின் படுக்கையறையில், லாஜிக் புரோ மென்பொருளில் உருவாகி, 2020இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. வீட்டுத் தயாரிப்பின் வெற்றியாக இது எங்கும் பேசப்படுகிறது. ஆனால் அதன் இறுதிக் கலவையைச் செய்தவர் ராப் கினெல்ஸ்கி என்ற தனிப் பொறியாளர்; அதே ஆண்டு ஒலிப்பொறியியலுக்கான கிராமி விருதை அவரும் பினியாசுடன் சேர்ந்து பெற்றார்.