சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்பதுதான் முதலில் வரும். வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். அந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் என் கண் வேறு மூன்று வரிகளில் போய் நிற்கிறது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். சொந்தபந்தமும் சிநேகிதர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். வெள்ளைக்காரர்களும் ‘கறுப்பு வெள்ளைக்காரர்’களும் எங்கள் பெண்கள்மேல் கைவைப்பது நிற்க வேண்டும்.

முதல் இரண்டையும் சில்லறை விஷயம் என்று தாண்டிப் போய்விடுகிறோம். மூன்றாவதைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறோம். ஆனால் மூன்றும் ஒரே கோரிக்கைதான் என்பது என் கட்சி.

‘கறுப்பு வெள்ளைக்காரர்’ என்றது யாரை? கிராணிமாரை, வெளிக்காட்டு மேற்பார்வை பார்த்தவர்களை, துரைக்கு அடுத்த படியில் நின்ற நம் ஆட்களை. அவர்களில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத்தார். அதே பட்டியலில், கொடுமை செய்யும் ஆசிய உத்தியோகஸ்தர்களை எடுத்துவிட்டுத் தமிழ் தெரிந்தவர்களைப் போடு என்றும் ஒரு வரி உண்டு. இனம் பார்த்து வந்த கோபமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைப்பதற்கில்லை. தமிழ்க் கங்காணி மட்டும் உத்தமனா என்று யாராவது கேட்டிருக்கலாம்.

தோட்டம் எப்படி இயங்கியது என்று தெரிந்தால்தான் அந்த மூன்றாவது வரியின் கனம் புரியும். இருட்டோடு பெரட்டு. அதன்பின் ஆளாளுக்கு ஒரு நிரை. பெண்ணும் தனியாகத்தான் கித்தா காட்டுக்குள் போவாள். அவள் வெட்டிய மரத்தைப் பார்த்துக் ‘காயம் விழுந்திருக்கு’ என்று சொல்கிற உரிமை மேலே இருக்கிறவனுக்கு. பால் குறைவு என்று செக்ரோலில் அரைப்பேர் போடுகிற உரிமையும் அவனுக்கே. லயத்து வீடு தோட்டத்துடையது. மருந்து, கள்ளுக்கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தோட்டத்துடையது. புகார் சொல்ல வேண்டுமென்றால் கங்காணியிடம், கங்காணி கிராணியிடம், கிராணி துரையிடம். யாரைப் பற்றிய புகாரோ அவரிடமே போய்ச் சேருகிற மாதிரி ஒரு ஏற்பாடு.

இதற்கெல்லாம் பூட்டு, அந்தத் தோட்டத்துக் கேட்டுதான். தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வர துரையின் அனுமதி வேண்டும். அண்ணன் தங்கையைப் பார்க்க வந்தாலும் அத்துமீறல்தான். இதோடு 1938ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதவி பெற்று மலாயாவுக்கு வரும் கூலிகளை அந்த ஆண்டு இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஊரிலிருந்து புதிதாக ஆள் வருவது குறைந்தபின், மகளைக் கட்டிக்கொடுத்த பக்கத்துத் தோட்டம், மச்சான் வேலை செய்கிற அடுத்த டிவிஷன், இவ்வளவுதான் சொந்தம் என்று ஆனது. அதுவும் கேட்டுக்கு வெளியே.

சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டிய எங்கள் அப்பாயி, தன் கல்யாணத்துக்கு முந்திய கதைகளை நாளைக் கொண்டு சொல்லாது. யார் வந்ததை வைத்துத்தான் சொல்லும். “பெரிய மாமா சைக்கிள்ல வந்தப்பதான் காப்பார் அத்தைக்குப் புள்ள பொறந்தது தெரியும்.” சாவுச் செய்தி, பெண் பார்க்கிற பேச்சு, யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பது எல்லாம் சைக்கிளில்தான் வந்தது. அதே சைக்கிளில்தான் உள்ளே நடந்தது வெளியேயும் போனது. “அந்தப் பய பங்களாவுக்குக் கூப்பிட்டானாம்” என்பதை லயத்தில் சத்தமாகச் சொல்ல முடியாது. போகிறவன் காதில் போட்டு அனுப்பலாம். குடும்பச் செய்திக்கும் குற்றச்சாட்டுக்கும் அன்று ஒரே தபால்காரன்.

சினிமாவும் இதில் சேர்த்திதான். சம்பள ஞாயிறன்று பாகவதர் படம் பார்க்க ஆறேழு மைல் மிதித்துப் பட்டணம் போனவன் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வரவில்லை. டீக்கடையில் யாரோ ‘தமிழ் நேசன்’ படிக்க, கேட்டுக்கொண்டு நின்றான். பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி என்று தெரிந்துகொண்டு வந்தான். திரும்பி வருகிற வழியில், சடக்கில் துரையின் கார் தெரிந்ததும் இறங்கி, சைக்கிளை ஓரங்கட்டி, தலை குனிய வேண்டும். மூன்று மணி நேரம் மனுசனாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அந்தத் ‘தமிழ் நேச’னில் துணையாசிரியராக இருந்தவர்தான் ஆர்.எச். நாதன். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர். போர் காரணமாக ரப்பர் விலை ஏறியிருந்தது, கூலி ஏறவில்லை. 1941இன் தொடக்க மாதங்களில் வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. காந்தி குல்லாய் போட்டார்கள், காங்கிரஸ் கொடி ஏற்றினார்கள், கள்ளுக்கடைகளை மறித்தார்கள். கூலி கொஞ்சம் உயர்ந்தது. காசு கொடுத்துவிட்டால் மற்ற வரிகளை மறந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள் போலும். மறக்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்ததும், கூலிக்காக அல்ல, அவருக்காகத் தோட்டங்கள் மறுபடி எழுந்தன. சனம் கிள்ளானை நோக்கி நடந்தது. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் பாட்டாளிகள் செத்தார்கள். மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்.

பெண்கள்மேல் கைவைத்தவனைக் கேள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்ததற்குக் கிடைத்த பதில் இதுதான். சிறைக்குப் போனவர்களும் நாடு கடத்தப்பட்டவர்களும் கேள்வி கேட்டவர்கள். ஏழே மாதத்தில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான், அதோடு அந்தக் கோப்பின்மேல் வேறு கோப்புகள் விழுந்துவிட்டன. கைவைத்தவர்களின் பெயர் கோரிக்கைப் பட்டியலில் இல்லை, பட்ட பெண்களின் பெயரும் இல்லை. துரைமார் பக்கத்துக் கதைக்கு மட்டும் குறையில்லை. சிலாங்கூரில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கொனியே மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் கோன்கூர் பரிசே வாங்கினார். தோட்டத்துப் பெண்களை மையமாக வைத்து அருணிமா தத்தாவின் ஆய்வுநூல் வருவதற்கு 2021 ஆயிற்று.

நம் பக்கத்து மௌனத்தையும் சொல்ல வேண்டும். கிள்ளான் போராட்டத்தை நினைவுகூரும்போது கூலி, குல்லாய், தியாகி என்றுதான் பேசுகிறோம். அப்பாயியிடம் நான் ஒருமுறை நேராகவே கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு இப்ப” என்றது. கொஞ்ச நேரம் கழித்து, “மாமா வந்துட்டுப் போற வீட்டுப் புள்ளய யாரும் லேசில தொடமாட்டான்” என்றது. எனக்கு அது போதுமாக இருந்தது.

2016 ஜூலையில் ‘கபாலி’ வந்தபோது சித்தப்பா, அத்தை, பிள்ளைகள் என்று பதினொரு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். சீனருக்குச் சமமான கூலி கேட்டுத் தோட்டத்தில் போராடுகிற இளைஞன். அவனை இனங்கண்டுகொள்கிற தலைவர் நாசர். பாத்திரத்தின் பெயர் தமிழ்நேசன். பா. ரஞ்சித் தெரிந்துதான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். கோட்டு போடுவதையே அரசியலாக்கிய படம் அது. சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றவனின் பேரன்தான் கபாலி. மலேசியாவில் ஓடிய பிரதியில் கடைசியில் ஓர் அறிவிப்பு சேர்த்திருந்தார்கள். கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டாராம். தியேட்டரே சிரித்தது. சித்தப்பா மட்டும், “நம்மாளு எப்பவும் சரணடையணும்டா” என்றார்.

அப்படியென்றால் மறுபக்கம் யாருமே பதில் சொன்னதில்லையா? சொன்னதுண்டு. 1998இல் காவலில் இருந்த அன்வாரை அடித்ததற்காகப் போலீஸ் படைத் தலைவர் ரஹிம் நூருக்கு 2000இல் இரண்டு மாதச் சிறை கிடைத்தது. ஆனால் வீங்கியது ஒரு முன்னாள் துணைப் பிரதமரின் கண். அரச விசாரணை ஆணையமே உட்கார்ந்தது.

கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட 22 வயது குகனுக்கு அப்படி யாரும் உட்காரவில்லை. 2009 ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயா, தைப்பான் காவல் நிலையத்தில் செத்தார். தண்ணீர் குடித்துவிட்டு விழுந்தார் என்றது போலீஸ். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றது முதல் பிரேதப் பரிசோதனை. செர்டாங் மருத்துவமனைப் பிணவறைக்குள் சொந்தக்காரர்கள் புகுந்து, முதுகையும் கால்களையும் படம்பிடித்து வெளியே கொண்டுவந்த பிறகுதான் நாடு பார்த்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, அடிபட்டுத் தசை சிதைந்ததால் சிறுநீரகம் செயலிழந்தது என்றது. ஒரு கான்ஸ்டபிள் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். அம்மா சிவில் வழக்குப் போட்டார். 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் 8,01,700 வெள்ளி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சம்பவத்தின்போது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்தவரும் பொறுப்பு என்றது. மேல்முறையீட்டில் ஒரு லட்சம் குறைந்தது, பொறுப்பு குறையவில்லை. தீர்ப்பு வந்தபோது அவர் நாட்டின் போலீஸ் படைத் தலைவராகிவிட்டிருந்தார்.

பிணவறைக்குள் புகுந்தவர்கள் அத்துமீறிவிட்டார்கள் என்று அப்போது பேச்சு எழுந்தது.