கோதுமை ஆகாத குழந்தைகள்



கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, அந்த உருண்டையைத் தண்ணீரில் வைத்து மெல்ல மெல்லக் கழுவிப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் இதைச் செய்து காட்டுவதுண்டு. கழுவக் கழுவத் தண்ணீர் பால்போல் வெளுத்துப் போகும். அது மாவுச்சத்து. கடைசியில் கையில் மிஞ்சுவது சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். "ஒட்டுப்பால், ஒட்டுப்பால்!" என்று பிள்ளைகள் கூவிவிடுவார்கள். பால்மரத்தோடு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? அந்தக் கட்டிக்குக் குளூட்டன் என்று பெயர். ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி வீசிச் சல்லாத்துணிபோல் விரிக்க முடிவது இதனால்தான். அரிசி மாவில் இது இல்லை. ஆகவே அரிசி மாவை அப்படி வீச முடியாது.

நம்மில் பெரும்பாலோருக்கு எந்தக் கெடுதலும் செய்யாத இந்தப் பொருள், சில குழந்தைகளின் குடலை அரித்துவிடுகிறது. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். கிரேக்க மொழியில் வயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரெத்தேயஸ் என்ற கிரேக்க வைத்தியர் இப்படிப்பட்ட வயிற்று நோயை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் காரணம் கோதுமைதான் என்று உலகம் அறிந்துகொண்டது 1950-ஆம் ஆண்டையொட்டித்தான். இவ்வளவு நாள் எப்படிப் பிடித்தது, யார் சொல்லித் தெரிந்தது என்பதை இன்று பார்ப்போம்.

லண்டன் நகரில் சாமுவேல் ஜீ என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். 1887-இல் அவர் ஆற்றிய உரை அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இந்த நோய் குழந்தைகளைப் பற்றுகிறது, மலம் வெளுத்து நிறைய போகிறது, உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறது என்று நேரில் கண்டதுபோல் விளங்கச் சொன்னார். குணமாவதற்கு வழி ஒன்று உண்டென்றால் அது சாப்பாட்டில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். எவ்வளவு சரியான சொல்! ஆனால் எந்தச் சாப்பாடு என்பதில்தான் வழி தவறியது. அரிசியும் சவ்வரிசியும் ஆகாது என்றார். ரொட்டியை மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்றார். அரிசியை விலக்கி ரொட்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது இன்று நமக்குத் தெரியும். அவர் இன்னொரு செய்தியும் எழுதினார். ஹாலந்திலிருந்து வரும் சிப்பிக் கறியை நாள்தோறும் தின்ற ஒரு குழந்தை நன்றாகத் தேறியதாம். சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியதாம். மறு ஆண்டு பருவம் வந்தபோது அந்தக் குழந்தை சிப்பியை வாயில் வைக்கவே மறுத்துவிட்டதாம். ஒரே கறியை எத்தனை நாளைக்குத்தான் தின்னும்?

பிறகு 1924-இல் நியூயார்க் நகரத்து வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தைக் கொண்டு வந்தார். ரொட்டி, உருளைக்கிழங்கு, தானிய வகைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை நிறையக் கொடுத்தார். குழந்தைகள் தேறின. உடனே வாழைப்பழத்துக்குத்தான் பெயர் வந்தது. உண்மையில் குழந்தையைக் காப்பாற்றியது தட்டில் வந்து சேர்ந்த பழம் அன்று, தட்டிலிருந்து போன ரொட்டி. இதை அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. குணமாகிவிட்டது என்று எண்ணி மறுபடியும் ரொட்டி கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் கதி என்ன என்று நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது ஹாலந்து எனப்படும் நெதர்லாந்துக்குப் போவோம். அங்கே 1905-இல் பிறந்தவர் வில்லெம் கரேல் டிக்கே. லெய்டன் நகரில் மருத்துவம் படித்து, ஹேக் நகரில் குழந்தை வைத்தியம் பயின்றார். 1936-இல், முப்பத்தொன்று வயதிலேயே, அந்நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை வைத்தியரானார். 1930-களில் ஓர் இளந்தாய், இந்நோயுள்ள தன் குழந்தைக்கு ரொட்டியை நிறுத்தினால் உடம்பில் உள்ள தடிப்பு சீக்கிரம் மறைந்துவிடுகிறது என்று சொன்னதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பெரிய படிப்பாளிகள் மாவுச்சத்தா, கொழுப்பா, சர்க்கரையா என்று வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வீட்டுக்காரம்மா ரொட்டி என்கிறாள். வேறொருவராக இருந்தால், "நீ போய் நான் கொடுத்த மருந்தை ஒழுங்காகக் கொடு" என்று அனுப்பியிருப்பார். டிக்கே அப்படிச் செய்யவில்லை. 1934 முதல் 1936 வரை கோதுமையில்லாத உணவைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். 1941-இல் அதைப் பற்றி டச்சு மொழியில் ஒரு கட்டுரையும் எழுதினார்.

ஒரு டச்சுக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் உணர வேண்டும். அவர்கள் காலையில் பசியாறுவது ரொட்டி, நடுப்பகலிலும் ரொட்டி. நம் வீட்டுக்கு ஒரு வைத்தியர் வந்து, "இன்றுமுதல் இந்தப் பிள்ளைக்குச் சோறு ஆகாது, இட்லி ஆகாது, தோசை ஆகாது, புட்டும் ஆகாது" என்றால் எப்படி இருக்கும்? பாட்டி சும்மா இருப்பாரா? மற்றப் பிள்ளைகள் தின்னும்போது இந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்குமா? மருந்துச் சீட்டு எழுதுவது வைத்தியர் வேலை. இந்த நோய்க்கோ மருந்துக் கடையே அடுக்களைதான். அந்தப் பாரம் முழுவதும் தாயின் தலையில் இறங்கியது.

அதற்குள் போர் வந்துவிட்டது. 1944 செப்டம்பரில் டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பழிவாங்க, நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். கால்வாய்கள் உறைந்த கடுங்குளிர் வேறு. மக்கள் துலிப் பூவின் கிழங்கையும் சர்க்கரைக் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். பசிக் குளிர்காலம் என்றே இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

நம் பெரியவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. அதே ஆண்டுகளில்தான் இங்கே ஜப்பான்காரன் ஆட்சி. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய், தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் அதன் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள்.

அந்தப் பஞ்சத்தில் ஹேக் நகரத்து மருத்துவமனையில் ஒரு விந்தை தெரிந்தது. மற்றக் குழந்தைகள் பசியால் வாடிக்கொண்டிருக்க, சீலியாக் நோயுள்ள குழந்தைகளின் வயிறு மட்டும் சீராக இருந்தது. ரொட்டி இல்லை அல்லவா! பிறகு உணவு வந்து, ரொட்டி மறுபடி கிடைத்தபோது, அவர்களுக்கு நோயும் மறுபடி வந்தது.

பல நூல்களில் இந்தப் பஞ்சம்தான் டிக்கேக்கு உண்மையைக் காட்டியது என்று எழுதியிருப்பார்கள். கேட்பதற்கு அழகான கதைதான். ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பஞ்சம் வருவதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் கோதுமையை நிறுத்திப் பார்த்துவிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதியும் விட்டார். பஞ்சம் செய்தது, அவர் எண்ணியது சரிதான் என்று உறுதிப்படுத்தியதுதான். வழியைக் காட்டியவள் அந்தத் தாய். அவளுடைய பெயரை நாம் எந்த நூலிலும் காணவில்லை.

ஒரு தாய் சொன்னாள், பஞ்சத்தில் தெரிந்தது என்பதெல்லாம் மருத்துவ உலகத்துக்குப் போதாது. அளந்து காட்ட வேண்டும். போருக்குப் பிறகு யூட்ரெக்ட் நகரில் வேயர்ஸ் என்ற வைத்தியரும் வான் டி காமெர் என்ற வேதியியல் அறிஞரும் டிக்கேயோடு சேர்ந்தார்கள். குழந்தையின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகப் போகிறது என்பதை அளக்க வான் டி காமெர் ஒரு முறை கண்டார். நல்ல குடல் சாப்பிட்ட கொழுப்பில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். கெட்ட குடல் வெளியே விட்டுவிடும். கோதுமை கொடுத்துச் சில காலம், நிறுத்திச் சில காலம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, எடை பார்த்து, கொழுப்பை அளந்து, பொறுமையாக எழுதி வைத்தார்கள். கோதுமை கொடுத்தால் எடைக் கோடு கீழே போகும். நிறுத்தினால் மேலே ஏறும். அரிசியும் சோளமும் ஒன்றும் செய்யவில்லை. 1950-இல் டிக்கே இதையே ஆய்வேடாக யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1952-இல், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சார்லட் ஆண்டர்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் கோதுமை மாவைக் கழுவிப் பிரித்தார்கள். நாம் முதலில் சொன்ன அதே வேலைதான்! கழுவி வந்த மாவுச்சத்தைக் கொடுத்தபோது குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிஞ்சிய குளூட்டனைக் கொடுத்தபோது நோய் வந்தது. குற்றவாளி பிடிபட்டான்.

குடலுக்குள் என்ன நடக்கிறது என்பது அதன் பிறகு தெரிந்தது. நம் சிறுகுடலின் உட்புறம் தேங்காய்ப்பூத் துண்டைப்போல் சிறுசிறு இழைகள் நிறைந்தது. சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுபவை அவைதான். 1956-இல் மார்கட் ஷைனர் என்ற பெண் வைத்தியர், வாய்வழியாக ஒரு குழாயைச் செலுத்திக் குடலிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் முறையை வெளியிட்டார். இந்நோய் உள்ளவர்களின் குடலில் இழைகள் தேய்ந்து, பழைய துண்டுபோல் வழவழவென்று ஆகியிருந்தன. குளூட்டனைப் பகைவன் என்று எண்ணி உடம்பின் காவல் படையே தன் குடலைத் தாக்குகிறது. இது தொற்றுநோய் அன்று. ஆனால் குடும்பத்தில் ஓடும். ஒருவருக்கு இருந்தால், உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

டிக்கே 1957-இல் யூட்ரெக்ட்டில் பேராசிரியரானார், 1962-இல் காலமானார்.

அரிசி தின்னும் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், கோதுமை மிகுதியாகத் தின்னும் வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், அரிசி தின்னும் தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் காணப்பட்டது. நம் மலேசியாவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், நலமாக இருந்த 562 இளம் வயதினரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 7 பேருக்கு இந்நோயின் அறிகுறி இருந்தது. இந்தியரும் அதில் உண்டு. நம் வீடுகளில் இட்லியும் தோசையும் இருந்த இடத்தில் ரொட்டியும் மீயும் பிஸ்கட்டும் வந்துவிட்டன அல்லவா?

நம் தோட்டப்புறங்களில் வயிறு முன்தள்ளிக் கைகால் சூம்பிய பிள்ளையைப் பார்த்தால், பூச்சி என்போம். இல்லையேல் தோஷம் என்போம். பெரும்பாலும் பூச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பூச்சி மருந்து கொடுத்தும் தேறாமல், வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வந்து, இரத்தமும் குறைந்து, வளர்த்தியும் நின்றுபோன பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். எதைத் தின்ற நாளில் வயிறு கெடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: சோதனை முடியும்வரை நீங்களாகக் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் குடல் தேறத் தொடங்கிவிடும். இரத்தத்திலும் ஒன்றும் தெரியாமல் போகும். வைத்தியர் இல்லை என்று சொல்லிவிடுவார்.

நோய் உறுதியானால் ஆயுள் முழுவதும் கோதுமை கூடாது, பார்லியும் கூடாது. இதில் நம் தாய்மார்களுக்கு டச்சுத் தாய்மாரைவிடப் பாரம் குறைவு. சோறு, இட்லி, தோசை, இடியப்பம், புட்டு, கேழ்வரகுக் கூழ், பயறு, மரவள்ளி எல்லாம் ஆகும். தீபாவளிக்கு அரிசி மாவு முறுக்கும் அதிரசமும் தாராளமாகச் சுடலாம். போக வேண்டியவை சப்பாத்தி, பூரி, ரவை, சேமியா, கோதுமை மீ, பிஸ்கட். பூரி பொரித்த எண்ணெயில் இந்தப் பிள்ளைக்கு அப்பளம் பொரிக்கக் கூடாது.

மறைந்து வருவதைத்தான் கவனிக்க வேண்டும். கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை சேர்கிறது. மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. விரத நாளில் நாம் வாங்கும் சைவ இறைச்சி பல வேளைகளில் குளூட்டன் கட்டியேதான். சாம்பாருக்குப் போடும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், கடைக்குப் போகும்போது கையோடு கூட்டிப் போங்கள்.