நானாவதி வழக்கு: கொலையை விட பெரிய பரபரப்பை கிளப்பிய கவர்னர் கையெழுத்து! வெப் சீரிஸுக்கு பின்னால் இருக்கும் நிஜக் கதை என்ன?

2019 செப்டம்பரில் ஆல்ட் பாலாஜி, ஜீ5 தளங்களில் வெளியானது 'தி வெர்டிக்ட்: ஸ்டேட் வெர்சஸ் நானாவதி' தொடர். மானவ் கவுல், எல்லி அவ்ராம் நடித்த இந்தத் தொடரை 'இன்னொரு கள்ளக்காதல் கொலைக் கதைதானே' என்று தள்ளிவிட வேண்டாம். இந்த வழக்கு கிளப்பிய ஒரு கேள்வி, தமிழ்நாட்டு அரசியல் வரைக்கும் வந்திருக்கிறது.

நடந்தது என்ன?

1959 ஏப்ரல் 27, பம்பாய். கடற்படை கமாண்டர் கவாஸ் நானாவதியிடம், தனக்கும் அவருடைய நண்பர் பிரேம் அஹுஜாவுக்கும் உறவு இருப்பதை மனைவி சில்வியா ஒப்புக்கொள்கிறார். மனைவி, பிள்ளைகளை சினிமா தியேட்டரில் இறக்கிவிட்ட நானாவதி, கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்குகிறார். நேராக அஹுஜா வீடு. மூன்று குண்டுகள். பிறகு தானே போய் போலீஸில் சரண்.

9 பேர் கொண்ட ஜூரியில் 8 பேர் 'குற்றவாளி இல்லை' என்றனர். நானாவதியை ஹீரோவாக்கி எழுதித் தள்ளியது 'பிளிட்ஸ்' வார இதழ். 25 பைசா இதழ் 2 ரூபாய்க்கு போனதாகச் சொல்வார்கள். ஆனால் ஜூரி முடிவை ஏற்காத நீதிபதி, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1960 மார்ச் 11-ல் ஆயுள் தண்டனை.

கதை சூடு பிடிப்பதே இங்கேதான். அதே நாளில் தண்டனையை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டார் கவர்னர் ஸ்ரீபிரகாசா. ஜெயிலுக்குப் பதில் கடற்படைக் காவலிலேயே இருக்கலாம்! பிரதமர் நேருவும் இதை ஆதரித்துப் பேச, கடற்படை அதிகாரி என்றால் சட்டம் வளையுமா என்று சர்ச்சை வெடித்தது.

ஸ்ரீபிரகாசா யார் தெரியுமா? 1952-ல் சென்னை மாகாண கவர்னராக இருந்து, தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆட்சி அமைக்க அழைத்தவர். தஞ்சை டெல்டாவில் பேசப்பட்ட பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான். அந்தக் கையெழுத்து நிலமில்லாத பண்ணையாளுக்கு; இது பெரிய இடத்து அதிகாரிக்கு.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

மேல்முறையீடு எங்கள் முன்னால் இருக்கும்போது, அரசியல் சாசனப் பிரிவு 161-ஐ காட்டி கவர்னர் தண்டனையை நிறுத்த முடியாது என்று 1960 செப்டம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. 1961 நவம்பர் 24-ல் ஆயுள் தண்டனையும் உறுதியானது.

ஆனாலும் 1964-ல் மன்னிப்பு கிடைத்துவிட்டது. கொடுத்தவர் அப்போதைய மகாராஷ்டிரா கவர்னர், நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். அஹுஜா சிந்தி சமூகத்தைச் சேர்ந்தவர். அவர்கள் கோபம் என்ன ஆவது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இறக்குமதி லைசென்ஸ் வழக்கில் தண்டனை பெற்ற சிந்தி வணிகர் பாய் பிரதாப்புக்கும் அதே சமயத்தில் மன்னிப்பு. அஹுஜாவின் சகோதரியும் சம்மதித்திருந்தார். 1968-ல் நானாவதி, சில்வியா குடும்பம் கனடா போனது.

தமிழ்நாட்டுக்கு என்ன சம்பந்தம்? பேரறிவாளன் விடுதலையில் பேசப்பட்டதும் இதே 161-தான். 2018-ல் தமிழக அமைச்சரவை செய்த பரிந்துரை மீது கவர்னர் முடிவெடுக்காமல் இழுத்தடிக்க, 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றமே 142-வது பிரிவின் கீழ் விடுவித்தது. 1960-ல் கவர்னர் அவசரப்பட்டார். இங்கே அசையவே இல்லை.

இன்னொன்று: 'இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு' என்று இதைச் சொல்வது சரியில்லை. சில இடங்களில் அதற்குப் பிறகும் ஜூரி விசாரணை நடந்தது.