கரும்புச் சக்கை முதல் எரிபொருள் மின்கலம் வரை

பினாங்கு என்றதும் ஜார்ஜ் டவுன் நகரமும் கொடிமலையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், கடலுக்கு இப்பால் பெருநிலத்தில் உள்ள செபராங் பிறையும் அம்மாநிலத்தைச் சேர்ந்ததே. அதன் தென்பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்துத் தாழ்நிலத்தில் இருக்கிறது பைராம் தோட்டம். எரிபொருள் மின்கலம் என்னும் கருவியின் வரலாற்றைச் சொல்ல வந்த நான் ஒரு தோட்டத்தின் பெயரை முதலில் சொல்வானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. எரிபொருள் மின்கலத்தின் வரலாறு இரண்டு கேள்விகளின் வரலாறு. அதை எந்தப் பொருளால் செய்வது என்பது ஒன்று. அதற்கு எதை உணவாகக் கொடுப்பது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை தேடினால், அது நம் தோட்டப்புறங்களுக்கே வந்து சேர்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கரும்பு விளையும் பூமியாக இருந்தது. தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டிக் கரும்பு நட்டார்கள். ஆலையில் சாறு பிழிந்தபின் எஞ்சிய சக்கையே அடுப்புக்கு விறகாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய்ப் பால்மரம் வந்தது. ஒப்பந்தக் கூலி முறையும் 1910-ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதன்பின் வந்த செம்பனை, இன்று இவ்வட்டாரமெங்கும் பரந்து நிற்கிறது. செம்பனை ஆலையிலும் பழத்தின் நாரும் ஓடும் கொதிகலனில் எரிந்து ஆலையையே ஓட்டுகின்றன. ஆக, பயிர் மாறினாலும் ஒரு வழக்கம் மாறவில்லை: கழிவாக எஞ்சுவதை எரித்து ஆற்றல் பெறுவது.

எரிப்பதில் என்ன குறை? எரிபொருளை எரித்து வெப்பமாக்கி, வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, நீராவியால் சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் மின்சாரம் பெறுகிறோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போன்ற வேலை இது. ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் ஒரு பங்கு வீணாகிறது. எரிபொருள் மின்கலமோ இச்சுற்றுவழியை விட்டுவிடுகிறது. ஒரு மின்வாயில் ஹைட்ரஜன் வாயு தன் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கிறது. அவை கம்பியின் வழியே ஓடி நமக்கு மின்சாரமாகப் பயன்பட்டு, மறு மின்வாயை அடைந்து, அங்கே பிராணவாயுவுடன் சேர்கின்றன. முடிவில் உண்டாவது தண்ணீர். இடையே தீயும் இல்லை, புகையும் இல்லை.

இதை முதன்முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் வில்லியம் குரோவ். வேல்ஸ் நாட்டில் பிறந்த இவர் வழக்கறிஞர், அறிவியலிலும் ஆழ்ந்தவர். 1839-ஆம் ஆண்டில், கந்தக அமிலத்தில் இரு பிளாட்டினத் தகடுகளை நிறுத்தி, ஒன்றுக்கு ஹைட்ரஜனையும் மற்றொன்றுக்குப் பிராணவாயுவையும் கொடுத்து மின்னோட்டம் கண்டார். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் பேராசிரியர் ஷோன்பைனும் இவ்விளைவை ஆராய்ந்து வந்தார். வாயுவும் அமிலமும் பிளாட்டினமும் ஒன்றுகூடும் இடத்தில்தான் வேலை நடக்கிறது என்பதையும் குரோவ் உணர்ந்தார். இக்கருவியின் முதற்பொருளே பொன்னைப் போல் அரிதான பிளாட்டினமாக அமைந்தது. அந்தச் சுமை இன்றுவரை முற்றிலும் இறங்கவில்லை.

அடுத்த முயற்சி 1889-இல் நிகழ்ந்தது. லுட்விக் மோண்டும் சார்ல்ஸ் லாங்கரும், தூய ஹைட்ரஜனுக்குப் பதிலாக நிலக்கரியிலிருந்து கிடைக்கும் மலிவான வாயுவைப் பயன்படுத்த முனைந்தார்கள். அங்கேதான் ஒரு பாடம் கிடைத்தது. அவ்வாயுவில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தின் மேல் படிந்துகொண்டு, அதன் வேலையைக் கெடுத்தது. 1896-இல் அமெரிக்கரான வில்லியம் ஜேக்ஸ் நிலக்கரியையே நேராக மின்வாயாக்கிப் பார்த்தார். மின்சாரம் வந்தது, ஆனால் கரியிலிருந்து எழுந்த கரியமில வாயு, கலத்திலிருந்த காரத்தையே தின்று தீர்த்தது. உணவு மலிவானால் கலம் நோயுறும். உணவு தூயதானால் செலவு ஏறும். இந்த இழுபறிதான் அன்று முதல் இன்றுவரை இக்கருவியின் கதை.

இங்கிலாந்தின் பொறியாளர் பிரான்சிஸ் பேக்கன் 1930-களில் வேறு வழி பிடித்தார். அமிலத்தை விட்டுக் காரத்தைக் கொண்டால், பிளாட்டினத்துக்குப் பதில் நிக்கல் போதும் என்று கண்டார். பல்லாண்டு உழைப்புக்குப் பின், 1959-இல் 5 கிலோவாட் ஆற்றல் தரும் கலத்தைக் காட்டினார். அவர் வழிவந்த கலங்களே அப்பல்லோ விண்கலங்களுக்கு மின்சாரம் தந்தன. அவற்றில் உண்டான தண்ணீரை விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். அதற்கு முன்பே, 1965-இல், மெல்லிய சவ்வைக் கொண்ட மற்றொரு வகைக் கலம் ஜெமினி 5 விண்கலத்தில் பறந்தது. விண்வெளியில் செலவைப் பற்றிக் கவலை இல்லை. பூமியில் அப்படி இருக்க முடியுமா?

பூமியில் கிடைக்கும் எரிவாயுக்களில் முக்கியமானது மீதேன். அழுகும் பொருளிலிருந்து, காற்றுப் புகாத இடத்தில், நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. நீராவியோடு சேர்த்து, நிக்கல் வினையூக்கியின் மேல், ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் செலுத்தினால், மீதேன் ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. சவ்வு வகைக் கலம் 80 பாகை அளவில் இயங்குவது. அது கார்பன் மோனாக்சைடைச் சிறிதும் பொறுக்காது. 200 பாகையில் இயங்கும் பாஸ்பாரிக் அமிலக் கலம் ஓரளவு பொறுக்கும். சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருளால் ஆன கலமோ 800 பாகைக்கு அருகிலும் அதற்கு மேலும் இயங்குவது. அது கார்பன் மோனாக்சைடையும் உணவாகவே ஏற்றுக்கொள்ளும். பொருள் மாறினால் பசியும் மாறுகிறது.

இப்போது பைராமுக்குத் திரும்புவோம். பைராம் காட்டு ஒதுக்கிடத்தை ஒட்டிய கடலோரத்தில் புலாவ் புரோங் என்னும் குப்பை நிலம் இருக்கிறது. பறவைத் தீவு என்பது அப்பெயரின் பொருள். பினாங்குத் தீவின் குப்பையும் பெருநிலத்தின் குப்பையும் இங்கே வந்து சேர்கின்றன. 1991-இல் இது, காற்றுக் குழாய்கள் அமைத்த ஜப்பானிய முறைக்கு மாற்றப்பட்டது. இம்முறையில் மீதேன் குறைவாகவே உண்டாகும். ஆயினும் அறவே இல்லாமற் போகாது. 2022 ஜனவரியில் இந்நிலத்தில் தீப்பற்றியது. தீயை முழுதாக அடக்க நாள்கள் போதவில்லை, வாரங்கள் ஆயின. புகை சூழ்ந்ததால் பைராம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அழுகும் குப்பைக்குள் ஆற்றல் உறங்குகிறது. நாம் அதைப் பயன்படுத்தாமல் விட்டால், அது தானாக எரியும் நாளும் வரக்கூடும். அப்போது அதன் புகை அருகில் வாழும் ஏழையின் வீட்டுக்குள்தான் முதலில் நுழைகிறது.

குப்பை வாயுவை எரிபொருள் மின்கலத்துக்குக் கொடுக்க முடியுமா? முடியும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே பென்ரோஸ் குப்பை நிலத்தில், 1990-களின் நடுவில், 200 கிலோவாட் திறனுள்ள பாஸ்பாரிக் அமிலக் கலம் ஒன்றை நிறுவிச் சோதித்தார்கள். குப்பை வாயுவில் ஏறத்தாழப் பாதிதான் மீதேன் என்பதால், 140 கிலோவாட் அளவே கிடைத்தது. ஆனால் கலம் வேலை செய்தது. வெற்றியின் இரகசியம் கலத்தில் மட்டும் இல்லை. அதற்கு முன்னால் வைத்த துப்புரவுக் கருவியிலும் இருந்தது. குப்பை வாயுவில் உள்ள கந்தகம் நிக்கலையும் பிளாட்டினத்தையும் கெடுக்கும். தலைக்குப் பூசும் ஷாம்பூவிலும் முகப்பூச்சுகளிலும் உள்ள சிலிக்கன் சேர்மங்களும் வாயுவில் கலந்து வந்து, மணல் போல் உள்ளே படியும். எனவே, எரிபொருளின் தூய்மை நம் வீட்டுக் குளியலறையிலும் சமையலறையிலும் தொடங்குகிறது. 2017-இல் பினாங்கு மாநிலம் குப்பையை வீட்டிலேயே பிரித்துப் போடுவதைக் கட்டாயமாக்கியது. அவ்வழக்கம் வேரூன்றி, உணவுக் கழிவும் தனியே பிரிக்கப்பட்டால், கிடைக்கும் வாயுவும் தூயதாகும்.

செம்பனை ஆலையின் கழிவுநீர் இதைவிட நல்ல ஊற்று. ஒரு டன் எண்ணெய் எடுக்கும்போது இரண்டரை டன்னுக்கும் மேற்பட்ட கழிவுநீர் வெளியேறுகிறது. மூடிய கலனில் புளிக்க வைத்தால், ஒரு டன் கழிவுநீர் ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு தரும். அதில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் மீதேன். திறந்த குளத்தில் விட்டால் அவ்வளவும் வானத்துக்குப் போகிறது. நூறாண்டுக் கணக்கில், பூமியைச் சூடாக்குவதில் ஒரு டன் மீதேன் ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

இத்துறையில் அறிவுக்கும் பஞ்சமில்லை. பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006-இல் எரிபொருள் மின்கலத்துக்கென்றே ஒரு கழகத்தை அமைத்தது. கூச்சிங் நகரில் 2019-இல், நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுக்கும் நிலையம் நிறுவப்பட்டு, ஹைட்ரஜன் பேருந்துகள் வந்தன. தமிழகத்தில், 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் இத்துறையில் உழைத்து வந்திருக்கிறது. பைராமுக்கு அருகிலேயே, டிரான்ஸ்கிரியானில், அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் இயங்குகிறது. புலாவ் புரோங் குப்பை நிலத்தில் ஊறும் கழிவுநீரை அங்குள்ளோர் பல்லாண்டாக ஆராய்ந்து வருகிறார்கள்.

நேயர்களே, குரோவ் காலம் முதல் இக்கருவி நமக்குச் சொல்லிவரும் பாடம் ஒன்றுதான். எரிபொருள் இல்லாமல் அது நின்றதைவிட, அழுக்கான எரிபொருளால் நின்றதே அதிகம். எரிபொருள் நம் காலடியில் கிடக்கிறது. அதைப் பிரிப்பதும் தூய்மை செய்வதும், தாங்கும் பொருளைக் கண்டுபிடிப்பதுமே எஞ்சியுள்ள வேலை. கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேதியியல் படிக்கிறார்கள். அந்த வேலையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. புகையை முதலில் சுவாசித்தவர்களின் பிள்ளைகள் என்ற முறையில், உரிமையும் உண்டு.