காசில்லாமல் மின்னிசை: எப்படி ஆரம்பிப்பது, எங்கே கேட்பது?

ஜாலான் புசார் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது சிம் லிம் டவர். மின்னணுப் பாகங்கள், ஒலிவாங்கிகள், ஒலிபெருக்கிகள், விதவிதமான வயர்கள். வீட்டிலேயே பாட்டு செய்யலாம்னு யோசிக்கிறவர்களுக்கு முதலில் அங்கே போகத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. முதல் பாட்டுக்கு எதையும் வாங்கத் தேவையில்லை.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. மும்பையில் இந்திப் படங்களுக்கு கித்தாரும் கீபோர்டும் வாசித்தவர் சரண்ஜித் சிங். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981 கடைசியில் வெளியிட்ட டிபி-303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டியை அவர் வாங்கியது சிங்கப்பூரில்தான். கித்தார் கலைஞர்கள் தனியாகப் பயிற்சி செய்யும்போது கூடவே பேஸ் ஒலிக்கட்டும் என்று செய்யப்பட்ட கருவி அது. சந்தையில் எடுபடவில்லை. 1984இல் தயாரிப்பே நின்றுவிட்டது.

சிங் அதோடு டிஆர்-808 தாளக் கருவியையும் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரையும் சேர்த்தார். 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982இல் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1987இல் சிக்காகோவின் ஃபியூச்சர் குழு அதே 303-ஐ வைத்து 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட, 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை உலகம் முழுக்கப் பரவியது. 2010இல் சிங்கின் தட்டு மறுபடியும் வந்தபோது கேட்டவர்கள் அசந்துபோனார்கள். கிட்டத்தட்ட அதே ஒலி, ஐந்து ஆண்டு முன்பே!

303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ராகம் வாசித்துப் பழகிய கைக்கு அது புதுசா என்ன?

எதை வைத்து ஆரம்பிக்கலாம்?

கூகலின் 'குரோம் மியூசிக் லேப்' தளத்தில் 'சாங் மேக்கர்' என்று ஒன்று இருக்கிறது. கணக்கு தொடங்க வேண்டாம், காசும் வேண்டாம். அமைப்புகளுக்குப் போய் 'பென்டடோனிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ச, ரி, க, ப, த என ஐந்து சுரங்கள் மட்டும் வரும். மோகன ராகத்தின் சுரங்கள் இவைதாம். இந்துஸ்தானியில் பூபாளி, சிங்கின் தட்டிலும் இருக்கிறது. கட்டங்களில் எங்கே தட்டினாலும் காதை உறுத்தாது. ஆனால் கமகம் வராது. சுரங்கள் மட்டும் மோகனம் ஆகிவிடாது என்பது பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

அடுத்து பேண்ட்லேப். 2015இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட தளம். 2024 மார்ச்சில் 100 மில்லியன் பயனீட்டாளர்களை எட்டியது. கைத்தொலைபேசியிலேயே குரலைப் பதிவு செய்து, தாளம் சேர்த்து, வேறு வீட்டில் இருக்கும் நண்பரோடு ஒரே பாட்டில் வேலை செய்யலாம். பதிவின்போது புளூடூத் காதொலிப்பான் மட்டும் வேண்டாம். ஒலி சற்றுத் தாமதமாக வரும், தாளம் தவறும். சிம் லிம் டவருக்குப் போயே ஆகணும்னா, வயர் உள்ள ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கணினி இருந்தால் எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளையும் பார்க்கலாம். முகம் கொஞ்சம் பழசுதான். ஆனால் அதில் ஒவ்வொரு சுரத்தின் மேலும் கோடு வரைந்து அதை வளைக்கலாம். பொறுமை இருந்தால் கமகத்துக்கு ஓரளவு கிட்டே போய்விடலாம்.

இலவசம்னா எல்லாமே இலவசமா?

இல்லை. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி பேண்ட்லேப்பிலேயே இருக்கிறது. பிடித்த திரைப்பாடலைப் பிரித்து, அடியில் தாளம் போட ஐந்து நிமிடம் போதும். வெளியிட மட்டும் இரண்டு அனுமதி வேண்டும். பாட்டை இயற்றியவர்களின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. பழைய பாட்டு ஒன்றின் நான்கு விநாடியை வைத்து நானும் ஒன்று செய்து ஏற்றினேன். இரண்டே நாளில் சத்தம் போச்சு. தப்பு என்னுடையதுதான்.

1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைக்கு இன்று காப்புரிமை கிடையாது. ஆனால் இன்றைய பாடகர் பாடிய அதன் ஒலிப்பதிவுக்கு உண்டு. வழி சுலபம்: நீங்களே பாடுங்கள், இல்லை பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

பேண்ட்லேப் தரும் லூப்புகளுக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டாம். நீங்கள் செய்த பாட்டும் உங்களுடையதே. ஆனால் அதே லூப்பை வேறு பலரும் எடுத்திருப்பார்கள். காணொளித் தளங்களின் தானியங்கிச் சோதனை சில நேரம் குழம்பி, உங்கள் பாட்டை இன்னொருவருடையது என்று நினைத்துவிடும்.

எங்கே கேட்பது?

ஸ்பாட்டிஃபை பரிந்துரைப்பதை மட்டும் கேட்டால் கேட்டதே திரும்ப வரும். பேண்ட்கேம்பில் ஊர் பெயரைப் போட்டுத் தேடலாம். சிங்கப்பூரின் டார்க்கர் தேன் வேக்ஸ் போன்ற சிறு வெளியீட்டு நிறுவனங்கள் அங்கேதான் கண்ணில் படும். பெரும்பாலான பாட்டுகளை முதலில் இலவசமாகக் கேட்கலாம், பிடித்தால் வாங்கலாம். பாட்டு விற்கும்போது அந்தத் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு 15 விழுக்காடு. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாள்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. எல்லா மாதமும் வராது. தேதியைப் பார்த்து வாங்குங்கள்.